டோலியில் வந்த அண்ணன்

பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெய் வாடை மூக்கில் பட்டால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வருவது அழுகையல்ல, ஆத்திரம். அது என் அப்பாவின் தோளுக்காக அம்மா காய்ச்சிய எண்ணெய்.

மலையில், அடுக்கம் கிராமத்துக்கும் மேலே இருந்த எங்கள் ஊருக்கு அப்போது ரோடு கிடையாது. பெரியகுளத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால், மூங்கிலில் நாற்காலியைக் கட்டிய "டோலி"யில் உட்காரவைத்து நான்கு பேர் சுமந்துவருவார்கள், அதில் முன்தண்டு என் அப்பாவுடையது. ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரையும் அப்படித்தான் சுமந்துவந்தார்கள். ஊர் எல்லையில் அவர் இறங்கி, வேட்டியை மடித்துக்கட்டி, காலில் சேற்றைப் பூசிக்கொண்டதை ஓடைக்கரையில் நின்ற நான் என் கண்ணால் பார்த்தேன். மேடை ஏறியவர், "ஏழைகளைப் பார்க்க நடந்தே வந்தேன்" என்றார்; அப்பாவைப் பக்கத்தில் இழுத்து, தண்டு அழுத்தித் தோலுரிந்த அதே தோளில் கையை ஊன்றி, "இவன் என் கூடப்பிறக்காத தம்பி" என்றார். ஊரே கைதட்டியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் ஜெயித்தார். அப்பாவின் புண் பழுத்துச் சீழ் கோத்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அவர் வீட்டுக்குப் போன அப்பாவை, "எந்தத் தம்பி?" என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அந்தக் கை மேலே எழும்பவேயில்லை, சுமை வேலையும் போயிற்று. "அறுத்த கைக்குச் சுண்ணாம்பு தராதவன் அண்ணனாம்" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருப்பாள்.

அடுத்த தேர்தலுக்கும் அவரே வந்தார். சித்தப்பாவும் மற்றவர்களும் தூக்கினார்கள். உப்பும் மண்ணெண்ணெயும் சுமந்து அம்மாவும் நானும் டோலிக்குப் பின்னால் மலை ஏறினோம். மழையில் அட்டை நெளியும் சோலைக்காட்டின் நடுவே, அம்மா செருமினாள். டோலி தரையில் இறங்கியது.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க? வெரசா போங்க, சனம் காத்துக் கெடக்கும்."

"நீங்க நடந்து வருவீங்கன்னுதாங்க காத்துக் கெடக்கு" என்றார் சித்தப்பா.

கணவனின் அண்ணனை அழைக்கும் முறை வைத்தே அம்மா பேசினாள்: "மூத்தாரே, உங்க தம்பி தோளு போன எலெக்சனோட போச்சு. உங்க காலு நல்லாத்தானே இருக்கு?"

"காட்டுலயா விட்டுட்டுப் போறீங்க?"

"விடுவமாங்க? முன்னால போயி மாலை கட்டி வைக்கிறோம்."

பொழுது சாயும் நேரத்தில், கெண்டைக்காலில் ரத்தம் வழிய, ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். "நடந்தே வந்தேன்" என்று அன்று அவர் சொன்னது சத்தியம். ஒரு கையும் தட்டவில்லை. கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்திருந்த அப்பாவின் நிம்மதி போதும் எனக்கு. அந்த ஆளைப் பாவம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

இப்போது எங்கள் ஊருக்குத் தார்ரோடு இருக்கிறது. டோலியும் இல்லை, தூக்கியவர்களும் இல்லை. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் கண்ணாடி ஏற்றிய காரில் வந்து, பூண்டு உரிக்கும் பெண்களோடு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "அம்மா" என்று என்னையும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களை நடுக்காட்டில் இறக்கிவைக்க எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று.