கேட்டில் வாங்கி வைத்த கம்பு

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறேன். செல்போனோ பேட்டரியோ, எதுவானாலும் கேட்டில் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவேன்.

சீசன் ஆர்டர் கொடுக்க விருதுநகர் வியாபாரி சுலைமான் பாய் தனியாக வந்தார். கண் தெரியாதவர். அவர் வைத்திருந்தது, எதிரே ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிர்ந்து சொல்லும் பேட்டரிக் கம்பு. அதையும் வாங்கி வைத்தேன்.

"வாங்க பாய், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கல், பள்ளம் என்று தரையையே பார்த்து நடந்தேன். லோடு வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகை அவர் நெற்றியில் இடித்து ரத்தம் வந்துவிட்டது.

பாய் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டே சொன்னார்: "கம்பை வாங்குனது சரிதான் அண்ணாச்சி, வெடிமருந்து புழங்குற இடம். ஆனா நீங்க தரையை மட்டும் பாத்தீக. அது நெத்தி உயரத்தையும் பாக்கும்."

திரும்பும்போது கம்பை வாங்கிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனார். தாழ்ந்த தகரக் கூரைக்கு முன்னால் நின்று, குனிந்து, உள்ளே நுழைந்தார். தினமும் அதில் தலையை இடித்துக்கொள்கிறவன் நான்!

இப்போது பாய் வந்தால் ஆர்டர் நோட்டைக் கேட்டுக்கே கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன். கம்பு அவர் கையிலேயே இருக்கிறது.