கோணலாகப் போட்ட கட்டில்

ஜோதிக்குக் கண்ணை மூடினால் ஜெபம் வராது. குன்னத்துச் சபையில் எல்லாரும் முக்காடு போட்டுக் கண்மூடி நிற்கும்போது அவள் மட்டும் விழித்துக்கொண்டிருப்பாள். கூரைச் சந்தில் இறங்கும் வெயிலில் தூசி மிதப்பது, முன்வரிசைப் பிள்ளையின் கழுத்தில் எறும்பு ஊர்வது, யாரோ ஒருவருக்கு உதடு நடுங்குவது எல்லாவற்றையும் பார்த்தபடி இருப்பாள்.

"கண்ண மூடு ஜோதி, ஆண்டவர் முன்னாடி நிக்கிறோம்" என்று போதகரின் மனைவி பலமுறை சொல்லிப் பார்த்தார். மூடுவாள். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் திறந்துகொள்ளும்.

புருஷன் இறந்து, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு அவளை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. ஆண்டவர் என்னை எதற்காகப் படைத்தார்? சபையில் ஆளுக்கு ஓர் ஊழியம் இருந்தது. ஜோதி பாடிப் பார்த்தாள். ராகம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சண்டே ஸ்கூலில் கதையைப் பாதியில் விட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டன. கடைசியில் என்னிடம் அனுப்பினார்கள். படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிப்பது என் வேலை. தூக்கவும் துடைக்கவும் புரட்டிவிடவும் பயிற்சி பெற்றவள் நான். அதற்குக் கை வேண்டும், கனவு உதவாது.

ஜோதிக்குக் கை மெதுவு. ஒருவருக்கு முகம் துடைக்கும்போதே பாதியில் நின்றுவிடுவாள்.

"எங்க போயிட்ட?"

"இங்கதாங்க சிஸ்டர் இருக்கேன்."

"ஒடம்பு இருக்கு. நீ எங்க?"

சிரிப்பாள். கோபித்துக்கொள்ளவும் தெரியாது.

அவள் முன்பு பார்த்துவந்த வெங்காயக் காட்டு வேலைக்கே திருப்பி அனுப்பிவிட முடிவு செய்து, செந்துறை போகும் பஸ்ஸில் அதைச் சொல்லியும் விட்டேன். அவள் அழவில்லை.

"சரிங்க சிஸ்டர். இதுவும் இல்லன்னா இனிமே ஆண்டவர்கிட்ட கேக்க மாட்டேன். பாவம், அவருக்கும் சங்கடம்."

வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி மக்காச்சோளத் தட்டைகளின்மேல் படிந்திருந்தது. பட்டப்பகலில் நிலா அடித்த மாதிரி இருந்தது காடு. ஜோதி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று போனது செல்லப்பன் வீட்டுக்கு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து, சுவரைப் பார்த்தே கிடந்தார். கஞ்சி கொடுத்தால் வாயை இறுக்கிக்கொள்வார்.

"எங்க சாமிய கும்புட்டாச்சு, டாக்டர பாத்தாச்சு, இப்ப ஒங்க ஏசுவையும் கூப்புட்டாச்சு. யாராச்சும் இந்த மனுசன ஒரு வா திங்க வைங்களேன்" என்றாள் மனைவி மலர்கொடி.

போதகரும் சபையார் சிலரும் முன்பே வந்திருந்தார்கள். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று, இவர் எழுந்து நடக்க வேண்டும் என்று உரத்த குரலில் ஜெபித்தோம். நானும் கண்ணை மூடியிருந்தேன்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தால், ஜோதி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து கிடந்தாள். மயக்கம் என்று நினைத்து நாடி பிடிக்கக் குனிந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். நடக்கணும் நடக்கணும்னு நீங்க சொல்றப்பல்லாம் அவரு காலப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. திருப்பி எதப் பாக்குறாருன்னு பாக்குறேன்."

"என்ன தெரியுது?"

"செவுரு. அதுல ஒரு ஆணி." தரையிலேயே அப்படியே சுற்றி, வாசலுக்குக் கால் நீட்டினாள். "இப்படிப் படுத்தா ஊரே தெரியுதுங்க."

மலர்கொடி பதறிப்போனாள். "வடக்க தல வெக்கிறியே! எந்திரி தாயி!"

வாசல் தெற்கே இருந்தது. வெளியே பார்க்க வேண்டுமானால் தலை வடக்கே வைத்தாக வேண்டும். எங்கள் பக்கம் உயிரோடு இருக்கிறவரை யாரும் அப்படிப் படுப்பதில்லை. அதையெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை என்றார் போதகர்.

"நீங்க வூட்டுல எந்தப் பக்கம் தல வெக்கிறீங்க சார்?" என்று கேட்டாள் மலர்கொடி.

"கெழக்கதான்" என்றார்.

ஜோதி எழுந்திருக்கவில்லை. "அவரு சாப்பிடாம கெடக்கறது இந்த ஆணியப் பாத்துதாங்க அக்கா" என்றாள். மலர்கொடி புருஷன் முகத்தைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள்.

"கட்டில கோணலா போடுங்க. ஒரு முழம் தள்ளிட்டா அது வடக்கு இல்ல" என்றாள் மலர்கொடி.

போட்டோம். வாசலுக்கு அப்பால் வெங்காயக் காடு, அதற்கப்பால் ரோடு, ரோடு முழுக்கக் கானல். அரியலூர் பஸ் ஒன்று தண்ணீரில் மிதந்து வருவதுபோல் வந்து, மெல்லக் கரைந்து போனது. செல்லப்பன் கண் கொட்டவில்லை. அந்தச் சுரங்கத்துக் கல்லில் கடல் சிப்பிகள் பதிந்திருக்கும். அப்படி ஒன்று அலமாரியில் இருந்தது. மனிதர் வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பு இங்கே கடல் கிடந்ததாம்.

"கடலு" என்றார் கோணிய வாயால்.

ஜோதி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் பார்த்த பக்கமே பார்த்தாள். "ஆமாங்க. அலகூட அடிக்குது."

அவர் பாதி வாயில் சிரித்தார். நான் தலையை நிமிர்த்தி வைத்து, நல்ல பக்கமாகக் கஞ்சியைக் கொடுத்தேன். விழுங்கினார். இன்னொரு வாய்க்குத் தானே வாயைத் திறந்தார். மலர்கொடி அடுப்படிக்குள் போய்விட்டாள். மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

செல்லப்பன் இன்றுவரை நடக்கவில்லை. நடக்கமாட்டார். ஆனால் சாப்பிடுகிறார்.

திரும்பும் பஸ்ஸில், "நாளைக்கு வெள்ளன வந்துடு" என்றேன்.

"வெங்காயக் காட்டுக்குப் போவச் சொன்னீங்களே?"

"அதுக்கு வேற ஆளு கெடைக்கும்."

"சிஸ்டர், இதாங்களா அது?"

"கேட்டவ நீ. பதிலு ஒனக்குத்தான் தெரியணும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வெள்ளைக் காடு போய்க்கொண்டிருந்தது. அன்று மட்டும் 'எங்க போயிட்ட' என்று அவளை நான் கேட்கவில்லை.

இப்போது புதிதாக எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜோதிதான் நோயாளிக்குப் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறாள். பிறகு நாங்கள் எதையாவது நகர்த்துகிறோம். கை இன்னும் மெதுவுதான். அதற்கு நான் இருக்கிறேன். சபையில் யாரும் அவளைக் கண்ணை மூடச் சொல்வதில்லை. நான் நன்றாக மூடிக்கொள்கிறேன். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறதே.