சுவரில் அறுபத்து மூன்று அம்புகள்

2005 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்கு, எட்டு நாளுக்கு ஒரு தடவை வரும் நல்ல தண்ணீர் வந்தது. ஏழு ஐந்துக்கு நின்றது. பதினாறு குடம், இரண்டு டிரம். ஏழரைக்குச் சவரம். எட்டேகாலுக்கு இட்லி, நான்கு. ஒன்பதரைக்கு லுங்கியை மாற்றிப் பேண்ட் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேண்ட் போடும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் அன்று பத்து மணிக்கு ஒரு சுவரை இன்ஸ்பெக்‌ஷன் செய்ய வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் காம்பவுண்ட் சுவர் அது. நல்லூரில் எங்கள் தெருவின் தெற்குப் பக்கத்தில் இருந்தது அந்தச் சுவர். நாற்பத்திரண்டு அடி நீளம், ஆறரை அடி உயரம். எதிர்ப்பக்கம் எங்கள் வீடுகளும் ஒரு டீக்கடையும். கம்பெனியில் நான் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள் செக்கிங்காரர்கள். அம்பு காட்டும் இடம் கோளாறு. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு கம்பெனியில் இந்த வேலையில் இருந்தார்கள். பஸ் டிக்கெட்டை வைத்திருப்பதுபோல் எல்லோர் சட்டைப் பையிலும் அம்பு இருக்கும்.

அந்தச் சுவர் வருடக்கணக்காக போஸ்டர்களுக்குச் சொந்தமாக இருந்தது. முதலாளி அதைப்பற்றிக் கவலைப்பட்டதில்லை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வந்து போகும்வரை. அவர் கேட் ஓரமாக நின்று முதலாளியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அந்தப் படம் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து சேர்ந்தது. இரண்டு பேர் தலைக்கும் நடுவே ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இன்றி’ என்று ஒரு வரி. படம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

“ஏனுங்க இன்சார்ஜ், அந்தச் செவுத்துல எதாச்சும் படம் எழுதிப்போடலாமுங்களா? மலை, தென்ன மரம், ஒரு குடிசை, அந்த மாதர” என்றார் முதலாளி.

எழுத ஆள் எங்கள் கம்பெனியிலேயே இருந்தாள். டிரிம்மிங்கில், அதாவது தைத்த துணியில் துருத்தும் நூலைக் கத்தரிக்கும் பிரிவில், மூன்று வருடமாக வேலை செய்த தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். போன கிறிஸ்துமஸுக்கு அவள் தங்கள் சர்ச்சில் குடிலுக்குப் பின்னால் பெத்லகேமை வரைந்திருந்தாள். பார்த்துவிட்டு வந்த என் மனைவி, அந்த பெத்லகேமில் ஒரு தண்ணி லாரி நின்றது என்றாள்.

மாடியில் டிசைன் ரூம். பனியனில் அச்சடிக்கும் படங்களை அங்கேதான் வரைவார்கள். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்காக அவள் மூன்று தடவை என்னிடம் கேட்டிருந்தாள். மூன்றாவது தடவை வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். சின்னக் கத்தரியை நாள் பூராவும் அழுத்தி அழுத்தி, அது உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது.

“இன்னும் ஒரு வருசம் இதப் பிடிச்சேன்னா, பிறகு பிரஷ்ஷு பிடிக்க விரல் மடங்காது அண்ணாச்சி” என்றாள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். “செவுத்துல வரை அம்முணி. தெருவுல நாலு பேரு நல்லாருக்குதுன்னா, திங்கக்கெழம மேல டிசைன் ரூமுக்குப் போயிரு. நல்லால்லீன்னா கத்தரியே புடிச்சுக்க. சரிங்களா?”

சொல்லிவிட்டு அவர் சரக்கு விஷயமாகப் பத்து நாள் மும்பை போய்விட்டார். அவள் சுவர் முழுக்க வெள்ளையடித்தாள். தினம் வேலை முடிந்ததும் ஆறு மணியிலிருந்து இருட்டும்வரை வரைந்தாள். மலை இல்லை. தென்னை மரம் இல்லை. எதிரே இருந்த எங்கள் தெருவையே, கண்ணாடியில் தெரிவதுபோல, வரைந்து வைத்துவிட்டாள். கேட்டதற்கு, “மலைய நான் இங்கன பார்த்ததே இல்லியே அண்ணாச்சி. இவியளத்தானே தினம் பாக்கேன்” என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. வரைந்து முடித்த முதல் நாள் தெருவே நின்று பார்த்தது. இரண்டாவது நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் நான் அந்தப் பக்கம் போனபோது, படத்தில் கரண்ட் கம்பத்திலிருந்து மூன்று கம்பி போவதைக் கவனித்தேன். எங்கள் தெருக் கம்பத்தில் நான்கு. கை தானாகப் பைக்குள் போனது. ஒரு அம்பை எடுத்துக் கம்பத்தில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கெட்ட எண்ணம் இல்லை.

சாயங்காலம் பதினோரு அம்புகள் இருந்தன. சனிக்கிழமை நண்பகல் அறுபத்திரண்டு. சுவருக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

என் பக்கத்து வீட்டுக்கார அம்மா, கொடியில் காயும் தன் வீட்டுக்காரரின் அண்டர்வேருக்கு மட்டும் மூன்று அம்பு ஒட்டியிருந்தார். “ஊட்டுத் துணிய இப்படியா ரோட்டுல காட்டறது? அதுல ஓட்டை வேற” என்றார். அந்தக் கொடி அப்போதும் ரோட்டில்தான் கட்டியிருந்தது. டீக்கடைக்காரர் படத்தில் இருந்த ஒவ்வொரு டீ கிளாஸுக்கும் ஒரு அம்பு வைத்திருந்தார். முக்கால் கிளாஸ்தான் டீ இருக்கிறதாம்.

நானும் படத்தில் இருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னால் டிரம் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடுகிறது. குனிந்திருப்பதால் உச்சந்தலை வழுக்கை முழுதாகத் தெரிகிறது. அந்த வழுக்கையின் நடுவில் ஒரு அம்பு இருந்தது. யார் ஒட்டியது என்று தெரு இரண்டு நாள் பேசியது. வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நான்தான் ஒட்டினேன்.

சனிக்கிழமை மும்பையிலிருந்து திரும்பிய முதலாளி காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். முதலில் அம்புகளை. பிறகு படத்தின் நடுவில், ஸ்கூட்டரின் பின்சீட்டில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னை. கொமரலிங்கத்துப் பக்கம் இருந்த தோட்டத்தை விட்டு வந்து ஐம்பது மெஷின் போட்டவர். கார் ஓட்ட டிரைவர் உண்டு. இரண்டு சக்கர வண்டியில் மட்டும் அவருக்கு பேலன்ஸ் வராது. அதனால் கோயிலுக்கும் சந்தைக்கும் அவர் மனைவிதான் பின்னால் வைத்துக் கூட்டிப்போவார். இது தெருவுக்குத் தெரியும். சுவருக்குத் தெரிய வேண்டாம் என்பது அவர் கருத்து.

“ஒரு பீஸுல அறுவத்து ரெண்டு டிஃபெக்ட்டுன்னா என்ன பண்ணுவீங்க இன்சார்ஜ்?”

“ரிஜெக்ட் பண்ணுவேனுங்க.”

“அப்ப வெள்ளையடிச்சுருங்க. அந்த அம்முணி கீழயே இருக்கட்டும்.”

கேட் ஓரமாக நின்றிருந்த அவள் கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். முதல் அம்பு என்னுடையது. அதனால் வாயைத் திறந்தேன். ஸ்டிக்கர் இருப்பதாலேயே பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடாது, ஒவ்வொன்றையும் பார்த்து மேஜரா மைனரா என்று பிரிக்க வேண்டும், மேஜர் இருந்தால்தான் ரிஜெக்ட், இது பையரே ஒத்துக்கொண்ட முறை என்றேன். பையர் என்ற சொல்லுக்கு முதலாளி கட்டுப்படுவார்.

“சரி, நாளைக்குப் பத்து மணிக்கு. எத வெச்சுப் பாப்பீங்க? அளவு வேணுமில்லீங்க?”

“தெருவே அளவுங்க. தெருவுல இருக்கறது படத்துல இருந்தாப் பாஸு” என்றேன். அவர் தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் ரிப்போர்ட் அட்டை, இஞ்ச் டேப்புடன் போனபோது, பக்கத்துத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். முதலாளி முன்னூறு மீட்டர் தள்ளியிருந்த வீட்டிலிருந்து நடந்து வந்து வியர்த்திருந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் மனைவி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். “ஏனுங்க, வண்டிய எடுக்கறேன்னு சொன்னனில்லீங்க. வெய்யில்ல நடந்தா வந்தீங்க?” என்றார். முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியை முதலில் எடுத்தேன். மைனர். டீ கிளாஸுக்கு, ஒரு டீ சொன்னேன். வந்ததும் நுரை அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அளந்தால், முக்கால் கிளாஸுக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறைவு. “படத்துலதான் கூட ஊத்தியிருக்குது” என்றார் யாரோ. டீக்கடைக்காரர் தன் அம்புகளைத் தானே பிய்க்க ஆரம்பித்தார்.

அண்டர்வேர் விஷயத்தில் பக்கத்து வீட்டுக்கார அம்மா இறங்கி வரவில்லை. கடைசியில் அவர் வீட்டுக்காரரே கொடியிலிருந்து அசலை எடுத்து வந்து படத்துக்கு அருகில் பிடித்தார். “இடது பக்க ஓட்டை, அதே எடந்தானுங்க சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு மடித்துக்கொண்டு போனார். பாஸ்.

அடுத்து என் வழுக்கை.

“இதையும் அளந்துருங்க சார்” என்றார் டீக்கடைக்காரர். அவருக்கு அது தேவையாக இருந்தது. டேப்பை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு ரோட்டில் குனிந்து நின்றேன். வேறு வழியில்லை, அளவு தெருதான் என்று சொன்னவன் நான். மனைவி குறுக்கே வைத்து, “நாலரை” என்று தேவைக்கு மேல் உரக்கச் சொன்னாள். படத்தில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு. ஆக ஒன்றரை அங்குலம் வர வேண்டும். படத்தில் அளந்தால் ஒன்றேகால்.

“கால் இஞ்சு கொறையுதே” என்றேன்.

“பாவமா இருந்திச்சு அண்ணாச்சி. கொஞ்சம் கொறச்சுட்டேன்” என்றாள் அவள்.

தெரு சிரித்து முடிய மூன்று நிமிடம் ஆனது. மைனர் என்று எழுதினேன்.

இப்படி அறுபத்திரண்டு அம்பு முடிந்தபோது மைனர் நான்கு, மேஜர் இல்லை. மிச்சம் ஒன்று, பின்சீட்டில். அதை முதலாளி முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் ஸ்டிக்கர் வாங்கித் தன் கையால் ஒட்டியிருந்தார்.

“இத மட்டும் மாத்திருங்க அம்முணி. என்னைய முன்னால, இவளப் பின்னால. பத்து நிமிச வேலை. நாளைக்கே மேல போயிரு” என்றார்.

நான் அவளை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன். மாற்றித் தொலைத்துவிடு, ஒரு சீட்டுக்காக டிசைன் ரூமை விடாதே என்றேன்.

“ஒண்ண மாத்துனா, பிறகு அண்டர்வேரு, டீ, ஒங்க தலை எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவாவள்லா? நான் வயசாகிச் சாவுற வரைக்கும் இந்தச் செவருதான்” என்றாள். சொன்னது சரி. அங்கே பத்துப் பேர் அதற்காகவே காத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் பிய்த்த அம்புகளை இன்னும் விரல் நுனியில்தான் வைத்திருந்தார்.

முதலாளியின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஸ்கூட்டர் சாவியைக் கணவர் கையில் வைத்தார்.

“சரிங்க. நீங்களே முன்னால உக்காந்து ஊடு வரைக்கும் ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன். நாம போய்ச் சேந்ததும் இந்தக் கண்ணு படத்த மாத்திப்போடட்டும். தெருதான அளவுன்னு ஒத்துக்கிட்டீங்க?”

முதலாளி சாவியைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். தெரு ரொம்ப மரியாதையாக அவருக்கு வழி விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியது. வழி விட்டது மரியாதைக்கா, பாதுகாப்புக்கா என்று சொல்ல முடியாது. அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எங்கீங்க போடோணும்?” என்று என்னிடம் கை நீட்டினார். ரிப்போர்ட்டில் இடத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போடும்போது, “மீசை மட்டும் வெளுத்தாப்புல இருக்குது. அதையாச்சும் பாரு” என்றார்.

“அது சனிக்கிழம மீசை முதலாளி. நீங்க ஞாயித்துக்கிழமதானே சாயம் போடுவீய. ஞாயித்துக்கிழம மீசையே வேணும்னா இப்பமே போட்டுத்தாரேன்.”

துணிக்குச் சாயம் போட்டே பிழைக்கும் இந்த ஊரில் யாருக்கும் சாயத்தைப் பற்றி வெட்கம் கிடையாது. “அதைப் போடு” என்றார்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் அவரவர் அம்பைப் பிய்த்தோம். பெயிண்ட் முழுதாகக் காயாததால் அம்போடு பெயிண்டும் உரிந்து வந்தது; டீக்கடைக்காரர் பிய்த்தபோது அதை யாரும் கவனிக்கவில்லை. மேஜர் கோளாறு எதுவும் இல்லாத சுவரில் இப்போது அம்பு வடிவத்தில் அறுபத்து மூன்று வெள்ளைக் கோளாறு. பிய்த்தவர்கள் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து சிறிது நேரம் தலையில் கை வைத்திருந்தாள். பிறகு எழுந்து ஒவ்வொன்றாக அடைத்தாள். நானும் என் மனைவியும் டப்பா பிடித்தோம். ஆறேகாலுக்கு முடிந்தது. என் தலைக்கு வந்தபோது, கால் அங்குலத்தையும் சேர்த்துப் போட்டுவிடு என்றேன். போட்டாள்.

13, திங்கட்கிழமை. எட்டரைக்குக் கம்பெனியில் முதல் வேலையாக டிரிம்மிங் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, அவள் பெயர் இருந்த வரியை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘மேலே, டிசைன் ரூம்’ என்று எழுதினேன்.