அப்பாவின் இடுப்பிலிருந்த தகரம்

அப்பாவை ஃபவுண்டரியில் எல்லோரும் எடைக்கல் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் லேத் மெஷின்களுக்கு வார்ப்பிரும்பில் அடித்தளம் வார்த்தவர். கனம் இல்லாத எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கு வாய்த்த ஒரே மகள், டைட்டானியம் உலோகக்கலவைகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

"தகரக் கம்பெனில இன்னைக்கு என்ன சேதி?" என்பார் சாப்பிடும்போது.

"தகரம் இல்லப்பா. உங்க இரும்பு பத்து கிலோன்னா, அதே அளவுக்கு இது ஆறு கிலோ. இழுத்தா மூணு மடங்கு தாங்கும். துருவும் பிடிக்காது."

"எதுக்கு இழுக்கிற? மேல ஏத்தி அழுத்திப் பாரு. மெஷின் என்ன ஆட்டம் ஆடினாலும் என் இரும்பு உள்ளுக்குள்ளயே வாங்கிக்கும். உன் சாமான் தொட்டாலே மணியடிக்கும்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். வார்ப்பிரும்புக்குள் ஏடு ஏடாகக் கிடக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடும். இழுவிசை வந்தால் அதே ஏடுகள்தான் விரிசலுக்கு வழிவிடும். இரும்பு நீண்டு காட்டாது. ஒரு நாள் படக்கென்று இரண்டாகும். டைட்டானியம் உடையுமுன் கொஞ்சமாவது நீளும். விறைப்பில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று மகள் ஒரு நாள் சொன்னாள்.

"அதான் உங்க ரெண்டு பேரையும் பாத்தாலே தெரியுதே" என்றாள் அம்மா.

அறுபத்தாறு வயதில் அப்பாவின் இடுப்பு மூட்டு தேய்ந்தது. மாற்று மூட்டின் தண்டு டைட்டானியம். மாதிரித் தண்டு ஒன்றை டாக்டர் கையில் கொடுத்ததும், விரல் கணுவால் தட்டிக் காதருகே பிடித்தார்.

"கேட்டியா? ஓயவே மாட்டேங்குது. இத உள்ள வச்சுக்கிட்டு எப்படித் தூங்கறது?"

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மகள் வந்தாள். அவரை நடக்கவிட்டுப் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தண்டு இம்மியாவது நகர்ந்திருக்கிறதா என்று அளந்தாள். படிக்கட்டின் பாதியில் அவர் நின்றபோதெல்லாம், "இடுப்பா?" என்று கேட்டாள்.

"உன் தகரத்துக்கு என்ன, ஜோரா இருக்கு."

அது உண்மை. அவர் கை மார்பில் இருந்ததையும் அவள் பார்த்தாள். சட்டைப்பையில் கண்ணாடி தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினான்காவது மாதம், அதே படிக்கட்டில், மாரடைப்பு. "மாசக்கணக்கா வலி இருந்திருக்குமே, உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்றார் டாக்டர். எது சொல்லாமல் உடையும் என்று பதினொரு வருடமாக அறிக்கை எழுதி வந்தவள், அந்த வீட்டில் டைட்டானியத்தை மட்டும் சோதித்திருந்தாள்.

தகனக் கூடத்து ஊழியர் சாம்பல் கலயத்தோடு ஒரு பொட்டலத்தையும் நீட்டினார். உள்ளே நீலம் பாய்ந்த தண்டு.

"இது மட்டும் அப்படியே இருக்கும்மா. என்னது இது?"

அவள் விரல் கணுவால் தட்டினாள். காதருகே பிடித்து, ஒலி ஓயும்வரை கேட்டாள். நேரம் பிடித்தது.

"தகரம்ண்ணே" என்றாள்.