கவுன்சிலிங் ரூமில் சொன்னது

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை, சிதம்பரத்தில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். கிள்ளை தாண்டியதும் எல்லோரும் பையை எடுத்துத் தோளில் மாட்டுவார்கள். அன்று நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மயிலாடுதுறையில் ஒரு பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதற்கு முன்பே நான்கு மாதமாகச் சரியில்லை. குளிக்கப் போவதற்கே ஒரு மணி நேரம் யோசிப்பேன். வகுப்பில் போர்டில் எழுதுவது கண்ணுக்குத் தெரியும், மண்டைக்குள் போகாது. சோறு மண் மாதிரி இருந்தது. ரயில் சம்பவத்துக்குப் பிறகுதான் பயம் வந்தது. எங்கள் தனியார் கல்லூரியில் நூலகத்துக்குப் பின்னால் கவுன்சிலிங் ரூம் என்று போர்டு மாட்டிய அறை ஒன்று உண்டு. போனேன்.

பாதி அறையில் பழைய விடைத்தாள் கட்டுகள். மீதிப் பாதியில் எங்களுக்குக் கணக்கு எடுக்கும் மேடம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுப்பையும் அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

"லவ் ஃபெயிலியரா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"இல்ல மேடம்."

"அப்ப வேற என்ன. வீட்ல பிரச்சினையா? போன் ஜாஸ்தி பாக்கிறியா?"

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் நான்கு மாதமாக யாரிடமும் பேசாதவளிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திரும்பி வராமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று ரயிலில் தோன்றியதையும் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், "தெனமும் கொஞ்சம் தியானம் பண்ணு. நான் பாத்துக்கிறேன்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்று மறுநாள் தெரிந்தது. துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே என் அப்பா நின்றிருந்தார். லாரி பட்டறையில் மெக்கானிக். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் கிரீஸ். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மேஜைமேல் அந்த நோட்டு திறந்து கிடந்தது.

"ஒங்க பொண்ணு ஏதாவது பண்ணிக்கிட்டா காலேஜுக்குத்தான் கெட்ட பேரு. டாக்டர்கிட்ட நல்லா இருக்கான்னு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வரட்டும். அப்புறம் கிளாஸுக்கு வரலாம்," என்றார் துறைத் தலைவர்.

ஓரத்தில் நின்ற மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மதியத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் பையை எடுக்கப் போனபோது, முதல் வருடத்திலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தன் பையை எடுத்துக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போனாள். "அம்மா ஒங்கூட பேச வேணான்னு சொல்லிட்டாங்கடி," என்று அன்று ராத்திரி போனில் சொன்னாள். அந்த நம்பரை அப்போதே அழித்தேன்.

அன்று மதியம் அப்பாவோடு பஸ்ஸில் வீடு திரும்பினேன். கடலூரில் இறங்கியதும் அவர், "ஒனக்கு என்ன கொற வச்சோம்?" என்று கேட்டார். வீட்டில் அம்மா, "வெளிய தெரிஞ்சா யாரு கட்டிக்க வருவா," என்று அழுதார். எனக்கு என்ன செய்கிறது என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் அப்போது வந்த கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

அந்தச் சர்டிஃபிகேட்டுக்காகத்தான் கடலூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அப்பா துண்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு அந்தத் துண்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. டாக்டர் அம்மா அவரை வெளியே இருக்கச் சொன்னார்.

நான் முதலிலேயே கேட்டேன். "நான் சொல்றத எழுதி யாருகிட்ட குடுப்பீங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஒன் உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்ல சொல்லுவேன். அதுவும் ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான். நம்பிக்க வரலன்னா இன்னிக்கி ஒண்ணும் சொல்ல வேணாம். தூக்கம் எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லு."

தூக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். மூன்றாவது முறை போனபோதுதான் ரயிலைப் பற்றிச் சொன்னேன். இது மனச்சோர்வு, சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை என்று அவர் அப்பாவைக் கூப்பிட்டு விளக்கினார். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை பேசுவதற்கு அங்கேயே இன்னொருவரிடம் அனுப்பினார். இரண்டு மாதத்தில் சோறு சோறாக ருசித்தது.

டாக்டர் கொடுத்த சர்டிஃபிகேட்டைக் காட்டியதும் கல்லூரியில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஆய்வுக் குழு வந்தது. அதற்கு முதல் நாள் மேடம் என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

"கவுன்சிலிங் எடுத்து நல்லானவன்னு ஒன்னதான் நிக்க வைக்கப் போறோம். ரெண்டு வார்த்த நல்லதா சொல்லிடும்மா."

சரி என்றேன். மறுநாள் குழுவிலிருந்து வந்தவர் சிரித்த முகத்தோடு, அந்த அறை உதவியாக இருந்ததா என்று கேட்டார்.

"அங்க சொன்னது அடுத்த நாளே எல்லாருக்கும் தெரிஞ்சிது சார். எங்கப்பாவ நிக்க வச்சிப் பேசினாங்க. நான் நல்லானது ஆஸ்பத்திரில," என்றேன்.

அந்த செமஸ்டரில் என் இன்டர்னல் மார்க் குறைந்தது. காரணம் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள் என்று தெரியும், கேட்கவில்லை. சில மாதம் கழித்து, கவுன்சிலிங் முறையாகப் படித்த ஒருவரை வாரம் இரண்டு நாள் அந்த அறைக்கு வரச் செய்தார்கள். நான் அங்கே போகவில்லை. ஆனால் ஜூனியர் பெண்கள் மூன்று பேர் தனித்தனியாக வந்து, ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள். கூடவே போய்க் காட்டினேன்.

போன வருடம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மேடத்தைப் பார்த்தேன். கீரைக்காரம்மா பக்கத்தில் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

வாங்கிய கீரைக்கட்டைப் பையில் வைத்தார். பிறகு, "எனக்கு அந்த ரூம் சாவியதான் குடுத்தாங்க. என்ன பண்ணணும்னு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல," என்றார்.

அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னதை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பதை ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அதை அவரிடம் அப்படியே கேட்டேன். பதில் வரும்வரை நிற்கவில்லை.