சத்தத்தைக் கூட்டாத பெட்டி

"இத வெச்சா பாட்டு இன்னும் சத்தமா வருமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"வராது."

"அப்ப சத்தம் கொறையுமா?"

"கொறையாது."

"அப்பறம் எதுக்குங்க இது?"

மேசை மேல் நான் பரப்பி வைத்திருந்தது ஒரு வால்வு பிரீ-ஆம்ப் கிட். ஒரு பச்சை அட்டை, ஒரு பொட்டலம் நிறையச் சின்னச் சின்ன உதிரிகள், கட்டைவிரல் அளவில் இரண்டு கண்ணாடி வால்வுகள். எல்லாவற்றையும் நாமேதான் ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் நோணாங்குப்பத்தில் படகு ஏறியிருக்கிறீர்களா? துறையில் ஓர் ஆள் நின்று, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் படகில் இறக்கிவிடுவார். அவரால் ஆள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். போனிலிருந்து கிளம்பும் பாட்டை அப்படிக் கைபிடித்து ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிவிடுவதுதான் இந்தப் பெட்டியின் வேலை. பஃபர் என்பார்கள்.

இதையே மனைவியிடமும் சொன்னேன். "போன்ல இருந்து பாட்டு தடுமாறி விழுந்து நான் பாத்ததே இல்லியே" என்றாள்.

எங்கள் ஊரில் மதியம் கடைகளைச் சாத்திவிட்டுப் படுப்பார்கள். நான் வேலை பார்க்கும் கடையும் அப்படித்தான். அந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்தேன். கோடை விடுமுறை என்பதால் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ரெசிஸ்டர் மேல் இருக்கும் கோடுகளின் நிறத்தைப் படித்துச் சொன்னாள். பழுப்பும் சிவப்பும் என் கண்ணுக்கு ஒன்றுதான். "அப்பா, அது செவப்பு இல்ல. கழட்டுங்க" என்று அவள் சொன்னது அதிகமா, நான் பற்றவைத்தது அதிகமா என்று தெரியாது.

ஒருவழியாக முடித்து, கூடத்து ஷோகேஸ் மேல் வைத்து சுவிட்சைப் போட்டேன். இரண்டு வால்வும் ஆரஞ்சாக எரிந்தன. மகள் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, வெளிச்சம் அடியில இருந்துல்ல வருது?"

"அது அழகுக்கு வெச்ச சின்ன பல்பும்மா. நெஜ வெளிச்சம் உள்ள கொஞ்சமாத்தான் இருக்கும்."

"ஓ, மேக்கப்பா!"

பாட்டைப் போட்டேன். எனக்குக் குரல் உருண்டு திரண்டு வந்ததுபோல் இருந்தது. மனைவி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அதே பாட்டு, அதே சத்தம்" என்றாள். பாட்டு முடிந்ததும் மகள் பென்சிலால் ஒரு வால்வைத் தட்டினாள். ஸ்பீக்கரில் கோயில் மணிபோல் 'டிங்' என்று கேட்டது. கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் அதிர்ந்தால், அந்த அதிர்வும் பாட்டோடு சேர்ந்து ஏறிவிடும். விலை குறைந்த வால்வுகளில் இந்தக் குறை உண்டு.

மனைவி தீர்ப்பு சொன்னாள். "நீங்க கேக்காம, இந்த வீட்ல யாராவது ஒருத்தர் தானா வந்து, பாட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்ப இது ஷோகேஸ் மேலயே இருக்கட்டும். இல்லன்னா ஞாயித்துக்கெழம பரண்ல ஏறிடும்."

மகளை நம்ப முடியாது. மிச்சம் இருந்தவர் என் மாமனார் ஒருவர்தான். எங்களோடுதான் இருக்கிறார். அந்தக் காலத்து பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு. காது கொஞ்சம் மந்தம். அவர்மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை.

ஆனால் மறுநாள் மதியம் அவரே வந்தார். "மாப்ள, அந்தப் பெட்டியில எதுனா பாட்டு போடுங்க." போட்டேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "த்ரே பியான், மாப்ள, ரொம்ப நல்லாருக்கு! என்னா சுகம், என்னா சுகம்!" என்றார்.

"உங்களுக்குத்தான் காதே கேக்காதேப்பா" என்றாள் மனைவி.

"எனக்குப் பேச்சுதான்மா கேக்காது. பாட்டு கேக்கும்."

நான் பறந்தேன். அன்றிலிருந்து மதியமானால் அவருக்குப் பாட்டு வேண்டும். அதுவும் தவில் அடித்து நொறுக்குகிற பாட்டு, சத்தமாக. ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தால்தான் நன்றாகக் கேட்கும் என்று நாற்காலி போட்டுக் கொடுத்தேன். "எனக்கு இங்கதான் மாப்ள நல்லா கேக்குது" என்று அவர் ஷோகேஸை ஒட்டியே உட்கார்ந்துகொண்டார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம். மனைவி கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். தவில் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில், இரண்டு ஸ்பீக்கரிலும் 'டிங்... டிங்ங்ங்' என்று மணி அடித்தது.

மனைவி ஒரு கண்ணைத் திறந்தாள். நானும் திரும்பினேன். ஷோகேஸின் கீழ்க்கதவு திறந்திருந்தது. அதற்குள் ரவா லட்டு எவர்சில்வர் டப்பாவும், டப்பாவுக்குள் மாமனாரின் கையும் இருந்தன. மூடி பலகையில் இடித்த அதிர்வு மேலே ஏறி வால்வைத் தட்டியிருக்கிறது.

"அப்பா?" என்றாள் மனைவி.

"ம்ம்" என்றார். அதற்குமேல் பேச வாயில் இடமில்லை.

"ஆஸ்பத்திரியில உங்க சக்கர எப்டிம்மா ஏறுதுன்னு கேட்டு என்னைத் திட்டுறாங்க. நான் கேப்பையும் கோதுமையுமா ஆக்கிப் போட்டுட்டு முழிக்கிறேன்!"

மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "லட்ட நான் எடுக்கல, எடுக்கலன்னு எத்தன வாட்டி சொன்னேன்! இப்ப என்கிட்ட சாரி கேளுங்கம்மா!"

எனக்கு வேறு கவலை. "மாமா, உண்மையச் சொல்லுங்க. பாட்டுல வித்தியாசம் தெரிஞ்சிதா இல்லியா?"

அவர் மென்று முழுங்கினார். என்னைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "லட்டு நல்லாருந்துது, மாப்ள."

அந்த ஒரே சாட்சியும் போனது. ஞாயிற்றுக்கிழமை வரை எதற்கு என்று நானே எழுந்து வயரைக் கழற்றப் போனேன்.

"ஏன் கழட்டுறீங்க?" என்றாள் மனைவி. "அங்கயே இருக்கட்டும்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். மத்தியானம் பூரா எரியட்டும். சத்தத்த நல்லா ஏத்தி வெய்யுங்க. பாட்டு மட்டும் வேணாம். மணி கேட்டா போதும்."

அப்படித்தான் ஷோகேஸ் மேல் என் பெட்டிக்கு இடம் கிடைத்தது. தினமும் மதியம் இரண்டு வால்வும் எரிகின்றன, ஸ்பீக்கர் வாயைத் திறப்பதில்லை. எதிரே நான் போட்டுக் கொடுத்த நாற்காலியில் மாமனார் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தபின் மட்டும் அரை மணி நேரம் பாட்டுக்கு அனுமதி உண்டு. அந்த அரை மணியும் மனைவி லட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். போன வாரம் அவள் விரல் டப்பா மூடியில் தாளம் போட்டது. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.