முதலாவது பள்ளம்

கடலுக்குப் போகிற நாளெல்லாம் பின்னேரம் மூன்று மணிக்குக் கஜீபன் ரீவிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்காருவான். பொலிகண்டியில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. முப்பத்தொன்பது வயது மனிதன், சொந்தமாக மீன்பிடிப் போட்டும் இஞ்சினும் வைத்திருக்கிறவன், தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதனைத் திரையில் பொத்தானை அமத்தி அமத்தி ஓட விடுகிறானே என்று முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் அலுத்துவிட்டது.

அந்த ரீவி கேமை, சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில், பதினேழு வயதில், நெல்லியடிக் கடையொன்றில் வாங்கினான். அதோடு வந்த மஞ்சள் கசெற்றில் நூறு விளையாட்டு என்று போட்டிருந்தாலும் அவன் விளையாடுவது ஒன்றே ஒன்று, அதிலும் முதற்கட்டம் மட்டும். மூன்று பள்ளம், இரண்டு பறவை, கடைசியில் ஒரு படகு. ஒருமுறையும் விழாமல் குட்டி மனிதன் படகில் ஏறினால் கஜீபன் கடலுக்குப் போவான். விழுந்தால் போவதில்லை என்பது அவன் தனக்குத் தானே போட்ட சட்டம்.

அவனுடைய அப்பா கேட்டது பூவிடம். கடல் ஒரு மாதிரி இருக்கிற நாளில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பூவைக் கடதாசியில் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் வலையைத் தூக்குவார். சிவப்பு வந்தால் பாயை விரித்துப் படுத்துவிடுவார். மறுபடி போட்டுப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அவர் செத்தபின் கஜீபனும் பூ வைத்துப் பார்த்தான். மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு வந்தது. கடலுக்குப் போன மற்றவர்கள் போட்டு நிறைய மீனோடு வந்தார்கள். அன்றோடு பூவை விட்டுவிட்டான்.

வினோஜாவுக்கு இதில் கோபம் வந்தது கலியாணம் முடித்த மூன்றாம் வருடம்தான். குட்டி மனிதன் ஒரு நாள்கூட விழுந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். பறவை எங்கே வரும், எத்தனையாம் அடியில் குதிக்க வேண்டும் என்பதெல்லாம் புருசனின் விரல்களுக்கு மனப்பாடம். வேறு பக்கம் பார்த்துக் கதைத்தபடியே படகில் ஏற்றிவிடுவான்.

"தோற்கத் தெரியாத விளையாட்டிலை என்னப்பா சகுனம்?" என்றாள். "போ எண்டு மட்டும் சொல்லுற சாத்திரியிட்டைத்தானே போய் நிக்கிறியள்."

"போ எண்டு சொன்னால் நல்லதுதானே," என்று அவன் சிரித்தான்.

போன வருடம் சுவிசில் இருக்கிற அவளுடைய தம்பி நிருஷன் புது விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் உண்மையைப் போலவே மழை பெய்தது, புல் அசைந்தது. வினோஜாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம். கேட்கிறதென்றால் இவனை அறியாத ஒன்றிடம் கேட்கட்டும் என்று நினைத்தாள். கஜீபன் இரண்டு நாள் விளையாடினான். மூலை ஒன்றில் திரும்பினான், செத்தான். கதவொன்றைத் திறந்தான், செத்தான். மூன்றாம் நாள் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டான்.

"எங்கை நிண்டு அடிக்கப்போறாங்கள் எண்டு தெரியேல்லை. தெரியாதது கடலிலை இருக்கிறதே போதும். வீட்டுக்குள்ளையும் வேணுமே?"

விடிய விடியத் தண்ணீரில் நிற்கிறவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

இந்தக் கார்த்திகையில் பத்து நாள் காற்றும் மழையும் விடவில்லை. பதினோராம் நாள் கடல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. இன்னொரு தாழமுக்கம் காற்றோடும் மழையோடும் நாளை மறுநாள் வரும் என்றது வானொலி. அதற்குள் ஒருமுறை போய் வந்துவிடலாம் என்று ஐந்து போட்டுகள் ஆயத்தமாகின. வினோஜாவுக்குக் காலையிலிருந்தே மனம் சரியில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கரையில் ஒரு காகத்தைக்கூடக் காணவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் கஜீபன் உட்கார்ந்தான். குட்டி மனிதன் ஓடினான். முதலாவது பள்ளத்துக்குள் விழுந்தான்.

வினோஜாவுக்குத் தெரிய இதுவே முதல்முறை. ரீவி அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

"பொத்தான் இறுகிப்போச்சு," என்றான் அவன். பொத்தான்கள் இருக்கிற கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பரை உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்து, திரும்பப் பூட்டினான்.

வினோஜா அவனுடைய கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, வேண்டாம். மாமா ரெண்டாந்தரம் கேக்கிறேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது பூ. பூவிலை பொத்தானே இருக்கு, பழுதாகிறதுக்கு?"

"மற்றவை போனால் போகட்டும். இண்டைக்கு ஒரு நாள் நில்லுங்கோ."

"யதுசன் இஞ்சினுக்கு எண்ணெயும் விட்டிட்டுக் கரையிலை நிக்கிறான்." யதுசன்தான் அவனோடு போட்டில் கூடப் போகிறவன். "அவனுக்கு என்னெண்டு சொல்லுறது? குட்டியன் பள்ளத்துக்கை விழுந்திட்டான் எண்டோ?"

திரும்ப விளையாடினான். இந்தமுறை குட்டி மனிதன் மூன்றாவது பள்ளத்தில் விழுந்தான். கஜீபனுடைய நெற்றி வேர்ப்பதை அவள் கண்டாள். மூன்றாந்தரம் குட்டி மனிதன் தட்டுத்தடுமாறிப் படகில் ஏறினான்.

"பாத்தியே?" என்று எழும்பினான். அவன் சிரிக்கவில்லை. ரீவியை நிறுத்தாமலே வாசல் படலையைத் திறந்துகொண்டு போனான். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலே கூப்பிடக்கூடாது என்பார்கள். அவள் அந்தச் சொல்லுக்குப் பயந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள்.

விடியக் காற்று எழும்பியது. வானொலி சொன்னதற்கு ஒரு நாள் முந்தியே வந்துவிட்டது. ஆறரைக்கு இரண்டு போட்டுகள் வந்தன, எட்டு மணிக்குள் இன்னும் இரண்டு. கஜீபனும் யதுசனும் போன போட்டு வரவில்லை. விடியப்புறம் நாலு மணி வரை கஜீபனுடைய ரோச் வெளிச்சத்தைக் கண்டதாக ஒருவன் சொன்னான். அதற்குப் பிறகு என்ன என்று அவள் கேட்க, அவன் வலையை உதறத் தொடங்கிவிட்டான். கரையில் நின்ற பெண்கள் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள்.

பத்து மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். ரீவி அவன் விட்டபடியே பாடிக்கொண்டிருந்தது. இரவு அதை நிறுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் அவனைப் போலவே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பிடியைக் கையில் எடுத்தாள்.

குட்டி மனிதன் முதலாவது பள்ளத்தில் விழுந்தான். விளையாட்டு தருகிற மூன்று உயிரும் அங்கேயே போயின. திரும்பத் தொடங்கினாள். திரும்பவும் போயின. அந்த விளையாட்டின்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் இந்தக் குட்டியன் படகில் ஏறினால் கஜீபனும் கரையேறுவான் என்று மனம் அடம்பிடித்தது. பன்னிரண்டு மணியாகையில் முதலாவது பள்ளத்தைக் கடக்கப் பழகிவிட்டாள். பிறகு இரண்டாவதை. பிறகு பறவைகளை.

படலை கிறீச்சிட்டது. கதிரவேலு அண்ணை, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், முற்றத்தில் வந்து நின்றார். எப்போதும் தோளில் கிடக்கிற துவாய் கையில் இருந்தது. காலையில் முகத்தைத் திருப்பிய பெண்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"பிள்ளை வினோஜா," என்றார். "ஒருக்கால் இஞ்சாலை வா மோனை."

மூன்றாவது பள்ளம் வந்துகொண்டிருந்தது. கடைசி உயிர். அவள் திரும்பவில்லை.

"பொறுங்கோ அண்ணை. ஒண்டும் சொல்லாதேங்கோ. இன்னும் முடியேல்லை."

குட்டி மனிதன் விழுந்தான். அவள் பொத்தானை அமத்தி, அவனை முதலிலிருந்து ஓட விட்டாள்.